குழந்தைக்கு அப்பா குரல்

இன்னும் விடியவில்லை. கோரமண்டலில் ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது. அப்பா மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறார். பெங்களூரில் வேலை. ரயிலில் 80 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். குழந்தை தூங்குகிறது. இரவு அவர் திரும்பும்போதும் தூங்குகிறது.

முன்பு மைன்ஸ் பக்கத்தில் இருந்தது. ஷிப்டு முடிந்ததும் அப்பா வீட்டுக்கு வருவார். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. பிறகு பலருக்குப் பெங்களூர்தான் பிழைப்பு.

குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது? பிறர் பேசுவதைக் கேட்டுத்தான். முதல் மூன்று வயதில் மூளை வேகமாக வளர்கிறது. அப்போது நாம் நிறையப் பேச வேண்டும். டி.வி. பேசும்; ஆனால் குழந்தைக்குப் பதில் சொல்லாது.

பாட்டி பதில் சொல்லலாம். குழந்தை "கா" என்கிறது. "ஆமாம் கண்ணு, காக்கா பறக்குது" என்று பாட்டி சொல்கிறார். குழந்தைக்கு ஒரு சொல் கிடைக்கிறது. குளிக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் இப்படிப் பேசலாம்.

அப்பா என்ன செய்யலாம்? மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனில் இரண்டு நிமிடம் பேசலாம். லீவு நாளில் அவரே குளிப்பாட்டலாம், சோறு ஊட்டலாம்.

அப்பா ரயில் ஏறுவது குழந்தைக்காகத்தான். அந்தக் குழந்தைக்கு அவர் விருந்தாளி ஆகிவிடக் கூடாது.