பேப்பரில் இருக்கிற இங்கிலீஷ்

இங்கிலீஷ் நமக்கு வராதுன்னு சொல்லாதீங்க. லோன், பாஸ்புக் எல்லாம் நாம் தினமும் பேசுகிற இங்கிலீஷ்தானே.

ஆலங்குளத்தில் தமிழ்ப் பேப்பரிலேயே ஆரம்பிக்கலாம். பட்டாசு ஆலை லைசென்ஸ் ‘சஸ்பெண்ட்’ என்றால் தற்காலிக நிறுத்தம். குறையைச் சரிசெய்தால் திரும்பத் திறக்கலாம். ‘கேன்சல்’ என்றால் லைசென்ஸே போச்சு. காத்திருப்பதா, வேறு வேலை தேடுவதா என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கு.

23.10.2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் வந்த ‘கிரீன் கிராக்கர்ஸ்’ பச்சைக் கலர் வெடி அல்ல, மாசு குறைந்த பட்டாசு. (கேட்டதும் நானும் குழம்பினேன்!)

தினம் ஒரு சொல்லைக் குறித்து வையுங்க. அதே செய்தி இங்கிலீஷ் பேப்பரிலும் வரும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்து அந்தச் சொல்லுக்கு வட்டம் போடச் சொல்லுங்க. எழுத்து தானா பழகிடும். வாரக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடிந்ததும் அந்தச் சொற்களை வாசிங்க.