இதற்கு ஜோடி எங்கே?

மார்கழி பிறந்தால் சின்னக் குழந்தை உள்ள வீடுகளில் ஒரு புதுச் சங்கடமும் கூடவே பிறக்கிறது. காலையில் ஒரே பனி. குழந்தையை வெளியே விட்டால் ஜலதோஷம் பிடிக்குமோ என்று பயம். உள்ளேயே வைத்துக்கொண்டாலோ, எட்டு மணிக்குள் அரிசி டப்பாவைக் கவிழ்த்து, அலமாரித் துணியை இழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்தது என்ன?" என்று கேட்பதுபோல் உங்கள் முகத்தைப் பார்க்கும்!

அந்தச் சமயத்தில் கைபேசியை அதன் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போவது சுலபம். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. சமையல் ஆக வேண்டாமா? ஆனால், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ம் வருஷம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் அந்த நேரத்துக்கு வேறு என்னதான் செய்வது?

காலணா செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஒன்றைக் காட்டி, "இதற்கு ஜோடி எங்கே, கண்ணே?" என்று கேட்கும் விளையாட்டு.

எந்த ஊர்க் குளிர்?

கடையில் இதற்கென்றே அட்டைகள் விற்கிறார்கள். "குளிர்காலம்" என்று மேலே எழுதியிருக்கும். உள்ளே பனிப் பொம்மை, பனிச்சறுக்கு வண்டி, பெங்குவின், வெள்ளைக் கரடி. அழகான படங்கள்தான். ஆனால் பெங்குவின் இருப்பது உலகின் தென்பாதியில். வெள்ளைக் கரடி இருப்பது வட துருவத்தை ஒட்டி. இரண்டும் ஒன்றை ஒன்று கண்ணால் கண்டதே கிடையாது! இரண்டையும் காணாத நம் குழந்தை, எதை எதோடு சேர்ப்பது என்று விழிப்பதில் என்ன ஆச்சரியம்?

நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. சந்தேகம் இருந்தால் ஜவளகிரிப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தளிக்கு அருகே, கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டோர ஊர் அது. கடல் மட்டத்துக்குச் சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் மேட்டுப் பூமி. தளியின் சீதோஷ்ணத்தைக் கண்டு சொக்கிப்போன வெள்ளைக்காரர்கள் அதற்குச் "சின்ன இங்கிலாந்து" என்றே பெயர் வைத்தார்கள்.

அந்தப் பக்கத்தில் மார்கழிக் காலை எப்படி இருக்கும்? எதிரே வருபவர் அருகே வந்த பிறகுதான் முகம் தெரியும். அறுத்த ராகிக் கதிர் களத்தில் குவிந்திருக்கும். சந்தையில் பச்சை அவரையும் மொச்சையும் மணக்கும். தாத்தா கம்பளிக்குள், பாட்டி கணப்பு அருகே, பேரன் குரங்குக் குல்லாய்க்குள்! போதாக்குறைக்கு, ராகி விளையும் பருவம் பார்த்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் வருஷா வருஷம் ஜவளகிரிக் காட்டுக்கு விருந்துக்கு வந்துவிடும்.

பனி, கதிர், அவரை, கம்பளி, குல்லாய், யானை. ஆறு ஜோடிகள் தயார். பனிப் பொம்மைக்கு இங்கே என்ன வேலை?

ஜோடி சேர்ப்பதில் என்ன இருக்கிறது?

"இரண்டு காலுறையைச் சேர்த்து வைப்பது ஒரு படிப்பா?" என்று வீட்டுப் பெரியவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். எல்லாப் படிப்புக்கும் அதுவே அஸ்திவாரம். 'எ'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில் ஒரே ஒரு கோடுதானே வித்தியாசம்? 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரு சுழி. "இது அதே போல் இருக்கிறது, இது மட்டும் வேறு" என்று பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அந்தக் கோடும் சுழியும் தெரியும். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு தம்ளர் என்று சேர்த்து வைக்கும் குழந்தை, கணக்கின் முதல் படியில் கால் வைத்துவிட்டது.

இதை நன்றாக அறிந்திருந்தவர் இத்தாலிய மாது மரியா மாண்டிசோரி. 1907-ம் வருஷம் ஜனவரி மாதம் ரோமாபுரியின் ஏழைப் பேட்டை ஒன்றில் அவர் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் செய்துவைத்த சாமான்களில் பல ஜோடி சேர்ப்பவைதான். முதல் வர்ணப் பெட்டியில் சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய மூன்று நிறத்துக்கும் இரண்டிரண்டு பலகை. ஆட்டினால் ஓசை தரும் குப்பிகளில் ஆறு ஜோடி. கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்துச் சேர்க்கத் துணித் துண்டுகள்.

அந்த அம்மையார் நம் ஊர்ப் பனியையும் அறிந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1939-ம் வருஷம் நவம்பர் மாதம், 69-வது வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்தார். சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். அடுத்த வருஷம் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும் அவர் "எதிரி நாட்டுப் பிரஜை" ஆகிவிட்டார்! கட்டுப்பாடுகளுக்கு நடுவே 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அங்கே அவர் வெளிநாட்டுச் சாமானுக்காகக் காத்திருக்கவில்லை. கண்ணெதிரே இருந்த செடிகொடிகளையும் பிராணிகளையும் வைத்துக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார். நாமும் அதைத்தானே செய்யப் போகிறோம்?

எப்படிச் செய்வது?

ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயது வரை: அட்டையே வேண்டாம், உண்மைப் பொருள் போதும். துவைத்து உலர்ந்த காலுறைகளில் மூன்று ஜோடியைக் கலைத்துப் போடுங்கள். ஒன்றை நீங்கள் எடுத்து, "இதற்கு ஜோடி எங்கே?" என்று கேளுங்கள். அடுத்த நாள் அப்பாவின் மப்ளர், பாப்பாவின் மப்ளர் என்று பெரியது சிறியது காட்டலாம்.

இரண்டு முதல் மூன்று வயது வரை: பொருளுக்குப் படம். கல்யாணப் பத்திரிகைகள் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்குமே, அவற்றின் பின்பக்கம் குல்லாய், ஸ்வெட்டர், வெந்நீர்ச் சொம்பு, அவரைக்காய் என்று பெரிதாக ஒவ்வொன்று வரையுங்கள். சித்திரம் வராது என்று தயங்க வேண்டாம். அவரைக்காயைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தால் அதுவே படம். குழந்தை பொருளைக் கொண்டுவந்து படத்தின்மேல் வைக்க வேண்டும்.

மூன்று முதல் நான்கு வயது வரை: படத்துக்குப் படம். பழைய காலண்டர் அட்டையைச் சம துண்டுகளாக வெட்டி, ஆறு ஜோடி தயாரியுங்கள். யானைப் பாதத்துக்குச் சிறிது, பெரிது, மிகப் பெரிது என்று மூன்று வட்டம் போதும். யானையின் முன்னங்கால் சுவட்டின் சுற்றளவைப் போல் இரு மடங்குதான் ஏறக்குறைய அதன் தோள் உயரம் என்று அப்போது சொல்லிப் பாருங்கள். குழந்தையின் அப்பாவும் விளையாட வந்து உட்கார்ந்துவிடுவார்!

இதே வயதில் கைக்கும் காதுக்கும் வேலை கொடுக்கலாம். கம்பளி, பழைய ஸ்வெட்டர், வேட்டிக் கிழிசல் ஆகியவற்றில் இரண்டிரண்டு துண்டு வெட்டி ஒரு பையில் போடுங்கள். பார்க்காமல் தடவி ஜோடி எடுக்கட்டும். ஆறு காலித் தீப்பெட்டிகளில் ராகி, கல் உப்பு, உலர்ந்த மொச்சை ஆகியவற்றை இரண்டிரண்டு பெட்டியில் ஒரே அளவாகப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஆட்டிக் கேட்டுச் சேர்க்க வேண்டும். தீக்குச்சி உரசும் பக்கத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவது அவசியம்.

நான்கு, ஐந்து வயதில்: அதே ஆறு ஜோடி அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஞாபகத்தால் ஜோடி கண்டுபிடிக்கும் ஆட்டம். இதில் அநேகமாக நீங்கள்தான் தோற்பீர்கள்!

ஜப்பானிய மாதர் பல நூற்றாண்டுகளாக இதையே சிப்பிகளில் ஆடியிருக்கிறார்கள். ஒரு சிப்பியின் ஒரு பாதிக்கு அதன் மறு பாதிதான் பொருந்தும், வேறெதுவும் பொருந்தாது. அதனால் அந்தச் சிப்பிப் பெட்டியைக் கல்யாணச் சீராகவே கொடுத்தார்கள்.

மூன்று எச்சரிக்கைகள்

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மொச்சை, பட்டாணி, பொத்தான், மணி எதையும் தனியே கொடுக்காதீர்கள். வாய்க்குப் போகும், மூக்குக்கும் போகும். தீப்பெட்டி விளையாட்டும் உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும்.

அழகாக இருக்கிறது என்று குண்டுமணியையும் ஆமணக்கு விதையையும் எந்த வயதிலும் சேர்க்க வேண்டாம். இரண்டும் விஷம், மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது எச்சரிக்கை உங்களுக்கு. தப்பான ஜோடி சேர்த்தால் "ஐயே, தப்பு!" என்று கத்தாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சும்மா இருங்கள். குழந்தையே பார்த்து மாற்றும். பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடினால் ஓடட்டும், நாளைக்கும் மார்கழிதான்.

பெயர் தெரியாத ஜோடி

இந்த விளையாட்டில் இன்னொரு பெரிய உபகாரம் இருக்கிறது. ஜவளகிரி வட்டாரத்தில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்த வீட்டில் கன்னடம். ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு ஹிந்தி பேசும் குடும்பங்களும் வந்திருக்கின்றன. வீட்டில் ஒரு பாஷை பேசிவிட்டு, அங்கன்வாடியிலோ நர்சரியிலோ வேறு பாஷையைக் கேட்கும் மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும். "மந்தம்" என்று பெயர் வாங்கிவிடும். உள்ளபடி அதற்குக் குறை எதுவும் இல்லை. சொல் மட்டும்தான் இல்லை.

அந்தக் குழந்தையின் முன்னால் ஆறு ஜோடி அட்டையைப் போட்டுப் பாருங்கள். ஜோடி சேர்க்கப் பாஷை வேண்டாம், கண் போதும். யானைக்கு யானையைச் சேர்த்துவிட்டு அது நிமிர்ந்து பார்க்கும். அப்போது நீங்கள் "யானை" என்று சொல்லுங்கள். அது "ஏனுகு" என்று தெலுங்கிலோ, "ஆனெ" என்று கன்னடத்திலோ பதில் சொன்னால் திருத்த வேண்டாம். நீங்களும் ஒரு தரம் அப்படிச் சொல்லுங்கள். மூலையில் இருந்த குழந்தை வட்டத்துக்குள் வந்துவிடும்.

பனிப் படத்தை எடுங்கள். தெலுங்கில் "மஞ்சு", கன்னடத்திலும் "மஞ்சு". மேகத்துக்கு நம் பழந்தமிழிலும் மஞ்சு என்று பெயர் உண்டு! கடைசியாகக் கம்பளிப் படம். தமிழில் கம்பளி, தெலுங்கில் கம்பளி, கன்னடத்தில் கம்பளி, ஹிந்தியில் கம்பல். படத்துக்கு மட்டுமா, பெயருக்கும் ஜோடி கிடைத்துவிட்டதே!

ஆகவே சகோதரிகளே, இந்தத் தையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையும் கத்தரிக்கோலும் போதும். அட்டைகள் தயாரானதும் அடுத்த வீட்டுக் குழந்தையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். விளையாட்டுக்கு மட்டும் அல்ல, குழந்தைக்கும் ஒரு ஜோடி வேண்டாமா?