அடியாளாக வந்தான்... ஊரையே வளைத்தான்! யார் இந்த 'வைஸ் சிட்டி' டாமி வெர்செட்டி?

பனைமர டிசைன் போட்ட நீலச் சட்டை, ஜீன்ஸ், கார் ரேடியோவில் 80-களின் பாட்டு. 2000-களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் 'ஜிடிஏ வைஸ் சிட்டி' ஆடியவர்களுக்கு டாமி வெர்செட்டியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் சீட் கோடு அடித்து, டாங்கியை வரவழைத்து ஊரைச் சுற்றிய பலர், அவன் கதையைக் கடைசி வரை பார்த்ததே இல்லை. 'ஜிடிஏ 6' கேமும் இதே வைஸ் சிட்டியில்தான் நடக்கப்போகிறது. அப்படியென்றால் அந்த ஊரின் பழைய டான் யார்? அவன் எப்படி மேலே வந்தான்? பார்ப்போம்.

11 கொலை... 15 ஆண்டு சிறை

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உள்ள ராக்ஸ்டார் நார்த் நிறுவனம் உருவாக்கிய இந்த கேம், 2002-ல் வெளியானது. கதை நடப்பது 1986-ல்.

லிபர்ட்டி சிட்டியில் ஃபோரெல்லி என்ற மாஃபியா குடும்பத்தின் அடியாள்தான் டாமி. ஒரே ஒருவனைக் கொல்லச் சொல்லி அனுப்புகிறார்கள். போன இடத்தில் 11 பேர். அத்தனை பேரையும் கொன்றுவிட்டு 15 ஆண்டுகள் சிறையில் இருக்கிறான். 'ஹார்வுட் கசாப்புக்காரன்' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். தான் வருவது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்ற கோபம் டாமிக்குள் அடங்கவே இல்லை.

விடுதலையாகி வரும் டாமியைப் பார்த்து முதலாளி சன்னி ஃபோரெல்லிக்கு பயம். இவன் ஊரில் இருந்தால் சரிப்படாது என்று, போதைப்பொருள் பேரம் பேச வைஸ் சிட்டிக்கு அனுப்பிவிடுகிறான். அங்கே பேரத்தின் நடுவில் துப்பாக்கிச் சூடு. பணமும் போச்சு, சரக்கும் போச்சு. 'என் பணம் எங்கே?' என்று போனில் கேட்கிறான் சன்னி. டாமியின் ஆட்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பங்களா கிடைத்தது, பசி அடங்கவில்லை

பேரத்தைக் கெடுத்தவன் ரிக்கார்டோ டியாஸ் என்ற போதைப்பொருள் முதலாளி. அவனிடமே வேலைக்குச் சேர்ந்து, நம்பிக்கை சம்பாதிக்கிறான் டாமி. அதே பேரத்தில் அண்ணனைப் பறிகொடுத்த லான்ஸ் வான்ஸுடன் சேர்ந்து, கடைசியில் டியாஸைக் கொன்று அவன் பங்களாவையே எடுத்துக்கொள்கிறான்.

வேறு கதையாக இருந்தால் இந்தப் பழிவாங்கலோடு முடிந்திருக்கும். இங்கே இதற்குப் பிறகுதான் மெயின் மேட்டரே.

டாமி சொத்து வாங்க ஆரம்பிக்கிறான். படகுத் துறை 10,000 டாலர், ஐஸ்கிரீம் கம்பெனி 20,000, டாக்ஸி கம்பெனி 40,000, சினிமா ஸ்டுடியோ 60,000, அச்சகம் 70,000, மாலிபு கிளப் 1,20,000. ஒவ்வொன்றிலும் வேலையை முடித்தால் தினமும் வருமானம் சேரும். ஐஸ்கிரீம் வண்டியில் விற்பது ஐஸ்கிரீம் இல்லை, போதைப்பொருள். அச்சகத்தில் அடிப்பது கள்ள நோட்டு.

குறிப்பிட்ட அளவு சொத்து சேர்க்காமல் கடைசி மிஷன் திறக்காது என்பதுதான் கேமின் விதி. அதாவது, டாமியின் பேராசையை நாம் வேடிக்கை பார்ப்பதில்லை. கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் நாமே அந்தக் கணக்கைப் போட வேண்டும்.

அச்சகத்தில் ஒரு சின்னக் காட்சி வரும். தன் அப்பா அச்சு இயந்திரத்தில் வேலை பார்த்தவர், தானும் அதே தொழிலுக்குப் போக நினைத்ததாக அங்கிருக்கும் முதியவரிடம் டாமி சொல்வான். வேறு மாதிரி வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவன் என்று கேம் காட்டும் இடம் அது.

நிஜத்தில் இது எந்த ஊர்?

வைஸ் சிட்டி என்பது அமெரிக்காவின் மயாமி. 1980-களில் கொலம்பியாவிலிருந்து வந்த கொக்கைன் பணத்தால் அந்த ஊரே மாறிப்போனது. 1980-ல் மட்டும் சுமார் 1.25 லட்சம் கியூபர்கள் படகுகளில் ஃபுளோரிடா வந்து சேர்ந்தார்கள். இந்தப் பின்னணியில் வந்த 1983-ம் ஆண்டு ஹாலிவுட் படம்தான் 'ஸ்கார்ஃபேஸ்'. டியாஸ் பங்களாவின் உட்புறத்தைப் பார்த்தாலே அந்தப் படத்தின் தாக்கம் தெரியும்.

2001-ல் வந்த 'ஜிடிஏ 3' ஹீரோ வாயே திறக்க மாட்டான். டாமிக்குக் குரல் கொடுத்தவரோ, 'குட்ஃபெல்லாஸ்' படத்தில் கேங்ஸ்டராக நடித்த ரே லியோட்டா. 2022-ல் அவர் மறைந்தபோது கேம் ரசிகர்கள் முதலில் நினைத்தது டாமியைத்தான்.

சர்ச்சை ஏன் வந்தது?

கதையில் ஏவரி கேரிங்டன் என்ற ரியல் எஸ்டேட் புள்ளி வருவான். நிலத்தின் விலை சரிய வேண்டும் என்பதற்காக, கியூபக் கும்பலுக்கும் ஹைட்டி கும்பலுக்கும் இடையே டாமியை வைத்தே சண்டை மூட்டிவிடுவான். கியூபர் வேஷத்தில் ஹைட்டியர்களின் இறுதி ஊர்வலத்துக்குள் புகுந்து டாமி தாக்குவான்.

இந்தச் சண்டையின்போது ஹைட்டியர்களைக் கொல்லச் சொல்லும் வசனங்கள் வந்ததால், 2003-ல் அமெரிக்காவில் ஹைட்டி வம்சாவளியினர் போராட்டத்தில் இறங்கினார்கள். கற்பனைக் கும்பல்தானே என்று விட அவர்களால் முடியவில்லை. அது அவர்களின் நிஜ இனப் பெயர். நிறுவனம் மன்னிப்பு கேட்டது, பிந்தைய பதிப்புகளில் வசனம் நீக்கப்பட்டது. 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே என்று ரேட்டிங் பெற்ற கேம் இது என்பதையும் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

கடைசியில் யார் மிச்சம்?

பணத்தை வசூலிக்க சன்னி நேரிலேயே வருகிறான். கள்ள நோட்டைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது டாமியின் திட்டம். கூட இருந்த லான்ஸ் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். தன்னை எப்போதும் எடுபிடி மாதிரியே நடத்துகிறான் என்ற மனக்குறை லான்ஸுக்கு ரொம்ப நாளாகவே உண்டு. பங்களாவிலேயே சண்டை. லான்ஸும் சாகிறான், சன்னியும் சாகிறான்.

மிஞ்சுவது வக்கீல் கென் ரோசன்பர்க் மட்டும்தான். வைஸ் சிட்டியில் டாமி இறங்கிய முதல் நாளில் இருந்து கூடவே இருந்தவன். இருவரும் இனி கூட்டாகத் தொழில் செய்யப்போவது போல கேம் முடிகிறது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1992-ல் நடக்கும் 'சான் ஆண்ட்ரியாஸ்' கேமில் அதே கென் மீண்டும் வருகிறான். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்து வந்த பிறகு டாமி அவனிடம் பேசுவதே இல்லை. மாஃபியா கும்பல்களுக்கு நடுவே உயிர் பயத்தில் ஒரு சூதாட்ட விடுதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வேலை முடிந்ததும் அடியாளைக் கழற்றிவிட்ட முதலாளி சன்னி. அந்த சன்னியை வீழ்த்தி நாற்காலியில் உட்கார்ந்த டாமியும், தன் ஆளுக்குக் கடைசியில் செய்தது அதையேதான்.