பொம்மை அல்ல, எஞ்சின்!



முதலாமாண்டு ஃபிட்டிங் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு இரும்புத் துண்டுகளை அராவி, ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து 'சந்து தெரியுதா?' என்று பார்ப்போமே! 'எல்லாத்துக்கும் மிஷின் வந்தாச்சு, இதெல்லாம் எதுக்குடா?' என்று புலம்பியவர்களில் அடியேனும் ஒருவன். அந்த எண்ணத்தை மாற்றியவர் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு மனிதர்.

யார் இவர்?

கர்லி லாரன்ஸ் (1883–1967). இளம் வயதில் லண்டன், பிரைட்டன் அண்டு சவுத் கோஸ்ட் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனியின் முதல் எழுத்துகளையே புனைபெயராக்கி 'எல்.பி.எஸ்.சி.' என்று எழுதினார். வீட்டுப் பட்டறையில் நிஜமாகவே நீராவியில் ஓடும் குட்டி ரயில் எஞ்சின்கள் செய்வதுதான் இவருடைய ஆசை. ஓட்டிப் பார்க்க வீட்டுத் தோட்டத்திலேயே தண்டவாளம் போட்டிருந்தார்!

அந்தக் காலத்தில் விற்ற குட்டி எஞ்சின்கள் பெரும்பாலும் ஸ்பிரிட் விளக்கில் ஓடின. 'இவ்வளவு சின்ன பாய்லரில் நிலக்கரி சரியா எரியாது' என்பது பலரின் வாதம். லாரன்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 1924-ல் லண்டன் 'மாடல் எஞ்சினியர்' கண்காட்சிக்குத் தன் 'ஆயிஷா'வைக் கொண்டுவந்தார். தண்டவாள அகலம் வெறும் 2½ அங்குலம். நிலக்கரி போட்டார். எஞ்சின் ஒரு முழு ஆளையே இழுத்துக்கொண்டு ஓடியது! வாதம் அத்தோடு அடங்கிப்போனது.

அளவைச் சுருக்கினால் போதாதா?

போதாது! நிஜத் தண்டவாளம் 56½ அங்குலம். அதாவது ஆயிஷா 22.6-ல் ஒரு பங்கு. நீளம் இப்படிக் குறைந்தால் பரப்பளவு 511-ல் ஒரு பங்காகும். கன அளவோ சுமார் 11,500-ல் ஒரு பங்காகும். உள்ளே இருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால், வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு 22 மடங்குக்கும் அதிகம். அண்டாவில் இருக்கும் வெந்நீர் வெகுநேரம் சூடாக இருக்க, டம்ளர் காபி சீக்கிரம் ஆறிப்போகிறதே, அதே கதைதான்.

அடுத்தது குழாய். நிஜ பாய்லரில் சுமார் 2 அங்குலக் குழாய் வழியே நெருப்பின் சூடு போகிறது. அதை அப்படியே சுருக்கினால் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் வரும். கரியும் சாம்பலும் சுருங்குமா? கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொள்ளும்! அதனால் எண்ணிக்கையைக் குறைத்து, குழாயைப் பெரிதாக்க வேண்டும்.

பலம்? இங்கே நம் பாடம் கைகொடுக்கிறது. மெல்லிய உருளையின் தகைவு, அழுத்தம் பெருக்கல் விட்டம், வகுத்தல் இருமடங்கு தடிமன். விட்டமும் தடிமனும் ஒரே விகிதத்தில் குறைந்தால் தகைவு மாறாது. ஆனால் அரை அங்குலத் தகடு 0.56 மில்லிமீட்டர் ஆகிவிடும். இரும்பு என்றால் துருவே தின்றுவிடும்! அதனால்தான் குட்டி பாய்லர்களைச் செம்பில் செய்கிறார்கள்.

சின்ன சிலிண்டரில் நீராவி சட்டென்று குளிர்ந்து தண்ணீராகிவிடும் என்பதால், அதை மேலும் சூடேற்றி அனுப்பினார் லாரன்ஸ். வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கி வழியே வேகமாக விட்டு, அந்த இழுப்பிலேயே நெருப்பைக் கொழுந்துவிடச் செய்தார். முறை பெரிய எஞ்சினுக்கு உரியதுதான். அளவுகளை மட்டும் தானே செய்து பார்த்துக் கண்டுபிடித்தார்.

ஒளித்து வைக்கவில்லை!

தெரிந்துகொண்டதை 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகையில் பல பத்தாண்டுகள் எழுதினார். எந்தத் துண்டை எப்படிப் பிடிப்பது, எங்கே துளை போடுவது என்று பக்கத்தில் நின்று சொல்வதுபோல எழுதினார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கென்றே 'டிச்' என்ற எளிய எஞ்சினை வடிவமைத்தார். சின்ன லேத்தும் கைக்கருவிகளும் மட்டும் வைத்திருந்த சாதாரண ஆட்கள் அதைப் படித்து எஞ்சின் ஓட்டினார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆர்வக்கோளாறில் யாரும் பாய்லரில் குதித்துவிடாதீங்க! புது பாய்லரை முதலில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இருமடங்கில் சோதிப்பது வழக்கம். தண்ணீர் என்றால் கசியும், அவ்வளவுதான். நீராவி வெடிக்கும்.

நண்பர்களே, லாரன்ஸ் வாதத்தை ஜெயித்தது வாயால் இல்லை, ஓடுகிற எஞ்சினால். நாமோ பாய்லர் படத்தை அடுத்தவன் ரெக்கார்டு பார்த்து வரைந்து மார்க் வாங்கிவிடுகிறோம். டிப்ளமோ நம் கையில் இருக்கும். தொழில் கையில் இருக்குமா? அடுத்த தடவை அரத்தை எடுக்கும்போது, வெளிச்சம் தெரியாத வரைக்கும் அராவிப் பார்ப்போமே!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்