விளம்பரம் மாற்றிவிடும் கேள்வி

விளம்பரம் என்றாலே பொய் என்று நம்மில் பலர் ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். மறுநாள் கடையில் அதே பொருளைத்தான் பெயர் சொல்லிக் கேட்கிறோம். நான் கவனித்தவரையில், கெட்டிக்கார விளம்பரம் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. நம் மனத்தில் இருக்கும் கேள்வியை மெல்ல எடுத்துவிட்டு, தனக்கு வசதியான வேறொரு கேள்வியை அங்கே வைத்துவிடுகிறது.

1980களில் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு லலிதாஜியை நினைவிருக்கும். இந்தி சரியாக வராத நம் பெண்களுக்குக்கூட அந்த அம்மாள் பேசியது புரிந்தது. அந்த விளம்பரம் பிறந்ததற்குக் காரணம் நிர்மா. அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969இல் தொடங்கிய அந்தச் சலவைத்தூள், சர்ஃபைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்று வீடுவீடாகப் புகுந்துவிட்டது. விலையில் மோதி ஜெயிக்க முடியாது. லிண்டாஸ் நிறுவனத்தின் அலிக் பதம்சீ உருவாக்கிய லலிதாஜியோ கறாராகப் பேரம் பேசும் குடும்பத்தலைவி. மலிவான சரக்கு வேறு, நல்ல சரக்கு வேறு என்றார். அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ மலிவுத் தூளுக்குச் சமம் என்றார். விலை இரண்டு மடங்குக்கு மேல் போனால் இந்தக் கணக்கிலும் சர்ஃபுக்குத்தான் செலவு அதிகம். ஆனால் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டவர்கள் எத்தனை பேர்? “எது மலிவு?” என்ற கேள்வி போய், “நான் விவரம் தெரிந்தவளா?” என்ற கேள்வி வந்துவிட்டதே!

இதைவிட ஆழமாக நம் வீட்டுக்குள் நுழைந்தவை மால்ட் பானங்கள். ஊரில் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் சாத்துக்குடியோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுபோவது மரியாதை. அந்த நம்பிக்கையின் மேல் விளம்பரக்காரர்கள் ஒரு கவலையையும் ஏற்றி வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் உயரமாகிறான், உங்கள் பிள்ளை? வெளியூரில் தனிக்குடித்தனம், பார்த்துக்கொள்ளப் பாட்டி இல்லை, அம்மாவும் வேலைக்குப் போகிறாள் என்ற வீடுகளில் இது சுருக்கென்று தைக்கும். “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்க வேண்டியவள், “நான் அக்கறையுள்ள தாயா?” என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். இதைச் சொன்னபோது எங்கள் மாடி வீட்டு மாமி, “குழந்தை கேட்டா வாங்காம இருக்க முடியுமா சார்?” என்றார். “வாங்குங்கோ மாமி, பின்பக்கத்தையும் ஒருதரம் படிச்சுடுங்கோ” என்றேன். எது அதிக எடையோ அதுதான் சேர்மானப் பட்டியலில் முதலில் வர வேண்டும். சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

வெளியூர்த் தமிழருக்கென்றே ஒரு தூண்டிலும் உண்டு: ஊர் நினைப்பு. காபித்தூள் பாக்கெட்டின் மேல் கோபுரம், கோலம், பித்தளை டபரா. மாட்டுங்காவில் நின்றுகொண்டே கும்பகோணம் மணக்கிறது! சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. எது எத்தனை பங்கு என்பதையும் பாக்கெட்டில் போட்டாக வேண்டும். கோபுரத்தை ரசித்துவிட்டு அந்த எண்ணையும் தேடிப் பாருங்கள்.

99 ரூபாய் வித்தை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ‘இன்னும் இரண்டே மீதம்’ என்று இணையத்தில் பொய்யாக அவசரப்படுத்துவதை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் தடை செய்துள்ளன.

பழைய கேள்விக்குத் திரும்ப ஒரு நல்ல வழி, பாக்கெட்டில் எம்.ஆர்.பி. அருகே அச்சிடப்படும் அலகு விலை. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டானால் கிராமுக்கு இவ்வளவு என்று இருக்கும். ‘20 சதவீதம் கூடுதல்’ என்று கத்தும் பெரிய பாக்கெட்டையும் பக்கத்திலுள்ள சின்னதையும் இதை வைத்து ஒப்பிடலாம். சில சமயம் சின்னதே மலிவாக இருக்கும்.

தவறான விளம்பரத்தால் ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். இந்தியாவில் எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் தமிழிலேயே பேசலாம்.