பழைய தோணி மீண்டும் கடலுக்கு

சூலூரிலிருந்து கடலைக் காண வேண்டுமானால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். எனவே, பாய்மரத் தோணியைச் செப்பனிடுவதைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஆனால் அந்தத் தொழிலின் அடிப்படை உண்மை ஒன்றை நம் ஊர் வண்டிக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள்.

கோடையில் மாட்டுவண்டியின் மரச்சக்கரம் கலகலத்துப் போகும். ஆரக்கால்கள் ஆடும், சுற்றியுள்ள இரும்புப் பட்டை தளர்ந்துவிடும். வண்டிக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போடுவார். ஊறிய சக்கரம் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். வெயிலில் சுருங்கிய மரம் நீரைக் குடித்து மீண்டும் விரிந்ததே இதற்குக் காரணம். மரக்கலம் கடலில் ஒழுகாமல் மிதப்பதற்கும் இதுவே காரணம். கரையில் கிடந்த பழைய கலம் ஒழுகத் தொடங்குவதற்கும் இதுவே காரணம்!

தூத்துக்குடித் தோணிகள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றவை. முன்பு பாய்களை மட்டுமே நம்பிச் சென்ற அவற்றில் பின்னர் எஞ்சின் பொருத்தப்பட்டது. ஆயினும் மர உடலைப் பேணும் முறை பெரிதும் மாறவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாக வீசும் மாதங்கள் இத்தகைய கலங்களுக்கு ஓய்வுக் காலம். அதுவே செப்பனிடும் காலமும் ஆகும். விசைப்படகுகளுக்கும் இப்படி ஒரு காலம் உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை இருப்பதால், அப்போது அவற்றைக் கரையேற்றிப் பழுதுபார்க்கிறார்கள். மீண்டும் கடலில் இறக்குவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும், அவற்றின் அறிவியல் என்ன என்று காண்போம்.

ஒரு மில்லிமீட்டர் இடுக்கு

முதலில் ஒரு சிறு கணக்கு. தோணியின் அடிப்பகுதியில் இரு பலகைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஓர் இடுக்கு இருக்கிறது என்று கொள்வோம். அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர். நம் விரல் நகத்தின் அளவுதான். அது நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கட்டும்.

டாரிசெல்லி விதியின்படி நீர் உள்ளே பாயும் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி, அதன் இருமடங்குக்கு வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும். இங்கே அது வினாடிக்குச் சுமார் 4.4 மீட்டர். இடுக்கில் நீர்த்தாரை குறுகுவதையும் உராய்வையும் கருதி இதில் அறுபது சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 லிட்டர் நீர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் அது ஏறக்குறைய ஒரு டன்!

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுமார் 150 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் சென்றால் 30 மணி நேரம் ஆகும். நீரை இறைக்காமல் விட்டால் ஒரே ஓர் இடுக்கு வழியாக முப்பது டன்னை நெருங்கும் அளவு நீர் புகுந்துவிடும். தோணியிலோ பலகைப் பொருத்துகள் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம் ஓடுகின்றன. மாலுமிகளின் உயிரும் வணிகரின் சரக்கும் இந்தப் பொருத்துகளை நம்பியே இருக்கின்றன.

மரம் குடிக்கும் நீர்

மரம் என்பது நுண்ணிய குழல்களின் கட்டு. குழல்களின் சுவர் செல்லுலோஸ் முதலியவற்றால் ஆனது. உலர்ந்த மரத்தை நீரில் இட்டால் முதலில் இந்தச் சுவர்களே நீரை ஈர்த்துப் பருக்கின்றன. மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் நீர் சேரும்வரை மரம் விரியும். அதற்குப் பிறகு சேரும் நீர் குழல்களின் உள்வெளியில் தங்கும். எடைதான் கூடுமே தவிர, மரம் மேலும் விரியாது.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக விரிவதில்லை. நீளவாட்டில் விரிவு மிக மிகக் குறைவு, அகலவாட்டில்தான் அதிகம். 25 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை இரண்டு சதவீதம் விரிந்தால் 5 மில்லிமீட்டர் அகலம் கூடும். நாம் மேலே கணக்கிட்ட இடுக்கைப்போல் ஐந்து இடுக்குகளை அது அடைத்துவிடும்!

அதே பலகை வெயிலில் காய்ந்தால் அவ்வளவும் மீண்டும் திறந்துகொள்ளும். ஆகவே கரையேற்றிய கலத்துக்கு முதல் தேவை நிழல். தென்னங்கீற்றால் மூடுவதும், மரம் ஒரேயடியாக வறண்டு போகாதவாறு கடல்நீர் தெளிப்பதும் வேடிக்கைக்கு அல்ல.

கலப்பற்று

பலகை இடுக்குகளில் நார் திணித்து அடைப்பதற்குக் கலப்பற்று என்று பெயர். பருத்தி நூலைத் திரித்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இடுக்கினுள் அடித்து இறக்குவார்கள். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிய பசையைப் பூசுவார்கள். புன்னை எண்ணெய், மீனெண்ணெய், முந்திரிக்கொட்டை எண்ணெய் ஆகியவை நம் கடற்கரைகளில் மரக்கலங்களுக்குப் பயன்பட்டு வந்திருக்கின்றன.

நாரை எவ்வளவு இறுக்கமாக அடிப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. தளர்வாக இருந்தால் அலையில் நழுவிவிடும். காய்ந்த மரத்தில் மிக இறுக்கமாக அடித்துவிட்டால், கலம் நீரில் இறங்கியதும் பலகைகள் விரிய இடமின்றி ஒன்றையொன்று நெருக்கும். அந்த விசை ஆணிகளைப் பிடுங்கும். பலகைகளைத் தாங்கும் விலா மரங்களாகிய வங்குகளையும் முறிக்கக்கூடும். விரியும் மரத்தின் விசை சிறிதன்று. பாறைத் துளையில் உலர்ந்த மர ஆப்பை அடித்து, நீர் ஊற்றிப் பாறையைப் பிளக்கும் பழைய முறையை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

இடுக்கை இறுகும் சிமெண்டாலோ கெட்டியான பசையாலோ அடைத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கெட்டிப்பொருள் நசுங்கிக் கொடுக்காது. எனவே பலகையின் விளிம்பு நசுங்கும். மறு ஆண்டு மரம் காயும்போது இடுக்கு முன்னைவிடப் பெரிதாகும். அடைக்கும் பொருள் மரத்தைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதே இங்கு விதி. பழைய கலத்தை முழுவதும் கண்ணாடியிழையால் போர்த்துவதிலும் இதே ஆபத்து உண்டு. போர்வை அசையாது, மரம் அசையும். இரண்டுக்கும் நடுவே புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரத்தை உளுக்கச் செய்யும்.

ஆணியில் ஒரு மின்கலம்

அடுத்து ஆணிகளைப் பார்ப்போம். துருவேறிய இரும்பாணிக்குப் பதிலாகச் செம்பாணி அடித்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பக்கத்திலேயே பழைய இரும்பாணிகள் இருந்தால் விளைவு வேறு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர் என்னும் மின்பகுளி - நாம் பள்ளியில் படித்த மின்கலம் இதுவன்றோ! இதில் இரும்பு எதிர்மின்வாயாகி விரைவாகக் கரையும். செம்பு பத்திரமாக இருக்கும்.

இந்தப் பாடத்தைப் பிரிட்டிஷ் கடற்படை விலை கொடுத்துக் கற்றது. 1761-இல் ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகடுகளால் மூடினார்கள். 1763-இல் சோதித்தபோது, செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் அரிக்கப்பட்டுக் கிடந்தன. தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் நடுவில் தங்கிய இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாக இருந்தன.

1824-இல் ஹம்ப்ரி டேவி இதே விளைவைத் திருப்பிப் பயன்படுத்தினார். செப்புத் தகட்டோடு சிறிது துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால், அது கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். சோதனை வெற்றி, கப்பலுக்கோ தொல்லை! செம்பு கரையாததால் பாசியும் கொட்டலசும் அடிப்புறத்தில் அடர்ந்து வளர்ந்தன. கரைந்துவரும் செம்பின் நஞ்சுதான் அதுவரை அவற்றை விலக்கி வைத்திருந்தது. டேவியின் முறை பின்னர் எஃகுக் கப்பல்களுக்கும் குழாய்களுக்கும் பெரிதும் பயன்பட்டது. இன்றும் கப்பல்களின் அடிப்புறத்தில் தியாகம் செய்யும் துத்தநாகக் கட்டிகளைக் காணலாம்.

எனவே செப்பனிடுபவர் பழைய ஆணி எந்த உலோகமோ, அதே உலோகத்தையே பயன்படுத்துவது நலம். பித்தளையும் கடலுக்கு ஏற்றதன்று. அதிலுள்ள துத்தநாகம் மெல்லக் கரைந்துபோகும்; எஞ்சும் செம்பு வலுவிழந்து பஞ்சுபோல் ஆகிவிடும். இரும்பின் துருவோ இரும்பைவிட இருமடங்குக்கும் அதிகமான இடத்தை அடைப்பதால், சுற்றியுள்ள மரத்தைப் பிளந்துவிடும்.

புழுவும் பூஞ்சையும்

கப்பல் புழு என்று அழைக்கப்படுவது உண்மையில் புழுவன்று. சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். நுண்ணிய இளம் பருவத்தில் மரத்தினுள் நுழைந்து, உள்ளேயே துளைத்து வளர்கிறது. நுழைந்த துளை குண்டூசித் தலையளவுதான் இருக்கும். உள்ளே பலகை தேன்கூடுபோல் ஆகியிருக்கும். 1503-இல் கொலம்பஸ் தம் நான்காம் பயணத்தில் புழு அரித்த கப்பல்களை ஜமைக்காக் கரையில் ஏற்றிவிட்டு, ஓராண்டு அங்கேயே சிக்கிக் கிடந்தார்.

இவ்வுயிரி சில வாரங்கள் நீரின்றி இருந்தால் மடிந்துவிடும். ஆண்டுதோறும் கலத்தைக் கரையேற்றுவதன் பெரும் பயன் இதுவே. ஆனால் புழு சாகுமளவு காய வைத்தால் பலகை இடுக்குகள் திறக்கின்றன. இடுக்குகள் திறவாதபடி நனைத்துக்கொண்டே இருந்தால் புழு பிழைத்துக்கொள்கிறது. எவ்வளவு காய்ச்சுவது என்று முடிவு செய்வதில்தான் அனுபவம் தேவைப்படுகிறது.

பூஞ்சையின் வழி வேறு. அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். எப்போதும் கடல்நீரில் மூழ்கியிருக்கும் அடிப்பலகை பூஞ்சையால் அவ்வளவாகக் கெடுவதில்லை. மேல்தளத்து மூலைகளில் தேங்கும் மழைநீரே மரத்தை உளுக்க வைக்கிறது. உப்பு பூஞ்சையைத் தடுக்கும். நன்னீர் அதை வளர்க்கும். ஆதலால் பழைய கலத்துக்குக் கடலைவிட மழை கொடியது எனலாம்.

உளுத்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல மரம் ‘டங்’ என்று ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். திண்ணிய மரத்தில் அதிர்வு நெடுநேரம் நிலைக்கிறது. உளுத்த இழைகள் அந்த ஆற்றலை உறிஞ்சிவிடுகின்றன. பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோமே, அதே சோதனைதான். ஐயமுள்ள இடத்தில் கூரிய ஊசியால் குத்திப் பார்த்து, நல்ல மரம் தென்படும்வரை வெட்டி நீக்கிப் புதுப் பலகையைப் பொருத்த வேண்டும்.

பாயும் கயிறும்

பருத்திப் பாய்க்கு இரு பகைவர்: ஈரத்தில் வளரும் பூஞ்சையும், வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களும். ஈரப்பாயைச் சுருட்டி வைத்தால் கரும்புள்ளிகள் தோன்றி இழைகள் இற்றுப்போகும். இதைத் தடுக்கத் துவர்ப்புப் பொருள்கள் நிறைந்த மரப்பட்டைச் சாற்றில் பாயை ஊறவைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. நம் மீனவர்கள் வலைகளுக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றியதும் இதே நோக்கத்துக்காகவே. செயற்கை இழைப் பாய்க்குப் பூஞ்சை அச்சம் குறைவு; ஆனால் வெயில் அதையும் விடாது. எந்தப் பாயானாலும் தையல் நூலே முதலில் இறும். ஆகவே முதலில் தையல்களைச் சோதிக்க வேண்டும்.

நீரில் இறக்கும் நாள்

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனின் ஈர்ப்பும் சந்திரனின் ஈர்ப்பும் ஒருங்கே சேர்வதால் கடல் ஏற்றம் மிகுதியாக இருக்கும். அந்நாட்களில் கலத்தை இழுக்க வேண்டிய தொலைவு குறைகிறது. ஏற்றத்தின் உச்சியில் அதை மிதக்கவிடுவது எளிது.

இறக்கிய முதல் நாளில் கலம் ஒழுகத்தான் செய்யும். இதைக் கண்டு அஞ்சி உள்ளிருந்து எதையும் திணிக்கக் கூடாது. சரக்கு ஏற்றாமல், ஆழமற்ற இடத்தில் நங்கூரமிட்டு, நீரை இறைத்துக்கொண்டே சில நாட்கள் காத்திருக்க வேண்டும். வண்டிச் சக்கரம் குளத்தில் ஊறுவதுபோல் பலகைகள் ஊறி விரிந்து, நாரை நெருக்கி இடுக்குகளைத் தாமே மூடும். ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு நீர் இறைக்கிறோம் என்று குறித்து வந்தால் அது நாளுக்கு நாள் குறைவது தெரியும். குறையவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். கலத்தை மீண்டும் கரையேற்றிப் பார்க்க வேண்டும். இந்தப் பொறுமையின்றி முதல் நாளே சரக்கேற்றிப் புறப்படுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இவ்வாறு பேணினால் மரக்கலம் எத்தனை ஆண்டு வாழும்? 1817-இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்ட ஒரு பாய்மரப் போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் நீரில் மிதக்கிறது. அதன் பெயர் ‘டிரிங்கமலி’, அதாவது திருகோணமலை! பம்பாய்க் கப்பல் தளத்துக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் ஆனைமலைக் காடுகளிலிருந்து அத்தளத்துக்குத் தேக்கு சென்றது. வெட்டிய மரங்களை மலைச்சரிவில் வழுக்கிவிட்ட இடமே இன்றைய டாப்சிலிப்.

நீங்களே செய்து பாருங்கள்

நன்கு உலர்ந்த மரப் பலகைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலத்தையும் நீளத்தையும் வெர்னியர் அளவியால் அளந்து குறியுங்கள், எடையையும் பாருங்கள். பிறகு அதை நீரில் மூழ்க வைத்து, நாள்தோறும் ஒருமுறை எடுத்துத் துடைத்து அளந்து, ஒரு வாரத்துக்கு அட்டவணை தயாரியுங்கள். அகலம் எந்த நாளில் கூடுவதை நிறுத்துகிறது? அதன் பிறகும் எடை கூடுகிறதா? நீளம் மாறியதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் உங்கள் அட்டவணையே விடை சொல்லும். அப்போது தோணி ஏன் ஒழுகுகிறது, ஏன் ஒழுகாமல் நிற்கிறது என்பதைக் கடலுக்குப் போகாமலே கண்டுகொள்வீர்கள்.