கடைசிச் சுற்று கைக்கே!

காஞ்சிபுரம் பட்டு உடுத்திக் கண்ணாடி முன் நிற்கிறீர்கள். தோட்டின் திருகாணியை எப்படி முடுக்குகிறீர்கள்? விரல் நுனியால்தானே! இறுகியதும் விரல் தானாக நின்றுவிடுகிறது. குறடு வைத்து முடுக்கினால் மரை போய்விடும் அல்லவா?

அந்தச் சேலை பிறந்த மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூரில், 2006 முதல் 2014 வரை நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். இத்தகைய ஆலைகளில் கடுகத்தனை திருகாணிகளை மின்சாரத் திருப்புளியால் முடுக்குகிறார்கள். ஆனால், அதற்கு விரலின் புத்தி உண்டு. குறித்த இறுக்கம் வந்ததும் உள்ளிருக்கும் கிளட்ச் விட்டுக் கொடுக்கும், முடுக்குவது நின்றுவிடும்.

வீட்டிலோ? தச்சு வேலைக்கு வாங்கிய கருவியால், மாமனார் ஆசையாய்க் கேட்ட டிரான்ஸிஸ்டரைப் பழுது பார்க்க உட்காருகிறார் உங்கள் கணவர். ஒரே 'கிர்ர்'! திருகாணியின் தலை வழுக்கை. பிளாஸ்டிக் மரை தூள்!

அவரிடம் சொல்லுங்கள்: முதலில் பாட்டரியை எடுத்துவிட வேண்டும். திருகாணியின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் நுனியே வேண்டும். திரும்ப மாட்டும்போது, முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்பி, 'டிக்'கென்று மரை அமர்ந்த பிறகே வலப்புறம் முடுக்க வேண்டும். கடைசிச் சுற்று கையால்தான்.

கேட்க மாட்டாரா? தோட்டைக் கழற்றிக் கொடுத்து, "அந்தக் கருவியால் இதை முடுக்குங்கள், பார்ப்போம்!" என்று சொல்லுங்கள். கருவி தானே கீழே இறங்கும்!